ஜோடி டயர் பிக்கப்புக்குப் புது டயர்: கதவு ஸ்டிக்கரிலிருந்து கடைசி நட் வரை

பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் ஓடும் பெரிய பிக்கப்புகளை அமெரிக்காவில் டூவலி என்கிறார்கள். ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500ஹெச்டி எல்லாம் இந்த வகையில் வரும். கேம்பரோ (பயணத்தில் தங்கும் இழுவை வீடு) குதிரை டிரெய்லரோ இழுப்பதற்காக இப்படி ஒரு வண்டியைப் பழையதாக வாங்கி, முதல் முறை டயர் மாற்றப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காருக்கு டயர் வாங்கிப் பழகியவர்கள் "எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டுக்கொண்டே கடைக்குள் போவார்கள். இந்த வண்டிக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டியது. எவ்வளவு எடை, எத்தனை டயர், என்ன அளவு என்ற மூன்றும் முடிவாகிவிட்டால் கம்பெனியைப் பத்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிடலாம். வரிசை மாறினால் ஆறு டயருக்குக் காசு கொடுத்தபிறகு ரிம்முக்குப் பொருந்தவில்லை, ஜோடி ஒன்றோடொன்று உரசுகிறது என்று மறுபடியும் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

100 பிஎஸ்ஐ வரை காட்டும் காற்று கேஜ் ஒன்று வேண்டும். காருக்கு வைத்திருக்கும் 60 பிஎஸ்ஐ கேஜ் இதற்கு உதவாது. முனை இரண்டு பக்கமும் திரும்பிய லாரி கேஜாக இருந்தால் நல்லது, ஏனென்றால் உள் டயரின் வால்வுக்கு வெளி ரிம்மின் ஓட்டை வழியாகக் கையை விட்டுத்தான் போக முடியும், நேர் முனை அங்கே உட்காராது.

பட்டன் (டயரில் தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) ஆழம் பார்க்கும் சின்ன அளவுகோல், தையற்காரர் வைத்திருப்பது போல வளையும் டேப், டார்ச், வண்டியின் கையேடு. இவ்வளவு போதும். எல்லாவற்றையும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஓடிச் சூடான டயரில் காற்று அதிகமாகக் காட்டும், அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

2. கதவு ஸ்டிக்கரைப் படியுங்கள், டயரை அல்ல

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு ஓரத்திலோ ஸ்டிக்கர் இருக்கும். அதில் மூன்று விஷயங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: டயர் அளவு, முன்பின் குளிர்ந்த நிலைக் காற்றழுத்தம், ஒவ்வொரு அச்சும் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை.

இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து அதே அளவை எழுதிக்கொண்டு கடைக்குப் போவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் முதல் தவறு. பழைய வண்டியில் முன்னால் வைத்திருந்தவர் என்ன மாட்டினார், எதற்காக மாட்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. அளவு மாறியிருந்தால் அந்தத் தவறுக்கு நீங்களும் காசு கொடுப்பீர்கள்.

இரண்டாவது தவறு, டயரின் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ என்று இருப்பதைப் பார்த்து ஆறிலும் 80 அடிப்பது. அந்த டயர் தன் முழு எடையைச் சுமக்க வேண்டிய காற்று அது. கதவில் இருப்பது உங்கள் வண்டிக்கான காற்று. பல டூவலிகளில் முன்னால் 80, பின்னால் 65 என்று போட்டிருக்கும். பின்னால் நான்கு டயர் சேர்ந்து தாங்குவதால் ஒவ்வொன்றுக்கும் பங்கு குறைவு.

3. எடை மேடையில் ஏற்றுங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். டிரெய்லரை மாட்டி, டீசல் நிரப்பி, குடும்பத்தையும் வழக்கமாக ஏற்றும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மேடைமேல் நிறுத்தினால் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனியாக எடை அடித்துக் கொடுப்பார்கள். செலவு அதிகமில்லை.

ஏன் இவ்வளவு பாடு? பிக்கப்பின் பின் தொட்டியிலேயே பூட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல் கேம்பரின் எடையில் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வண்டியின் பின்பக்கத்தில் இறங்கும். 14,000 பவுண்டு கேம்பரை 20 சதவீதம் என்று வைத்தாலே 2,800 பவுண்டு. அதற்குமேல் டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச், கருவிப்பெட்டி, கூடுதல் டீசல் டேங்க். "டூவலிதானே, தாங்கும்" என்று மனக்கணக்குப் போடுகிறவர் இந்த எண்ணை ஒரு தடவை காகிதத்தில் பார்த்தால் டயர் வாங்கும் பார்வையே மாறிவிடும்.

காலியாக ஒரு முறையும் எடை பார்த்து வையுங்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் வண்டி காலியாகத்தான் ஓடும் என்றால் அந்த எண்ணும் பின்னால் தேவைப்படும்.

4. பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

கழற்றுவதற்கு முன் ஆறு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தை அளந்து எழுதுங்கள். தேய்ந்த விதத்திலேயே காரணம் தெரியும், காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மாட்டினால் அதுவும் அப்படியே தேயும்.

முன் டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட், இல்லையென்றால் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். கனமான டீசல் இன்ஜின் நேராக முன் அச்சின்மேல் உட்கார்ந்திருப்பதால் இந்த வண்டிகளில் முன் டயர்கள் சீக்கிரம் அடிவாங்கும். பின் டயரில் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், காலி வண்டியை அதிகக் காற்றோடு நிறைய ஓட்டியிருக்கிறார்கள். குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர். ஒரே ஜோடியில் உள் டயருக்கும் வெளி டயருக்கும் தேய்மானம் வேறு வேறாக இருந்தால் முதலில் காற்று வித்தியாசத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். உள் டயருக்கு யாரும் காற்றே பார்ப்பதில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வயதையும் பாருங்கள். ஃபோர்டு, ராம் கையேடுகள் இரண்டும் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. டயர் கம்பெனிகள் பல பத்து வருடத்தை உச்ச வரம்பாக வைக்கின்றன. கேம்பர் இழுக்கும் வண்டி வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கும். பட்டன் புதிதுபோல இருக்கும், பக்கவாட்டில் ரப்பர் வெடித்திருக்கும். பட்டனை மட்டும் பார்த்து "இன்னும் ஓடும்" என்று முடிவு செய்யாதீர்கள்.

5. எத்தனை டயர் என்று முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நிதானமாகப் படிப்பீர்கள் என்றால் அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

ஒரு பக்க ஜோடியில் இரண்டு டயரும் ஒரே ஹப்பில் (அச்சு முனையில் சக்கரம் மாட்டும் மையம்) முடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்றால் ஒரே சுற்றில் இரண்டும் ஒரே தூரம் போக முடியாது. பெரியது எடையைத் தன்மேல் வாங்கிச் சூடாகும். சிறியது ரோட்டில் இழுபட்டுத் தேயும். இரண்டுமே கெடும்.

அதனால் ஜோடிக்குள் விட்டத்தில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது, சுற்றளவில் முக்கால் அங்குலம். பட்டன் ஆழமாகச் சொன்னால் ஓர் அங்குலத்தை 32 பாகமாக்கி அதில் 4 பாகம். அதற்கு மேல் போனால் அவை ஜோடி அல்ல.

அளப்பது எளிது. எல்லா டயருக்கும் ஒரே காற்றை வைத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, பட்டனின் நடுவில் டேப்பைச் சுற்றிப் பிடியுங்கள். டேப் ஒரு பக்கம் சரிந்து கோணலாகப் போனால் அரை அங்குலம் தப்பாகக் காட்டிவிடும், அதனால் ஒரு கை டேப்பை டயரோடு ஒட்டி ஓட விட வேண்டும். அளந்ததைச் சாக்பீஸால் டயர்மேலேயே எழுதிவிடுங்கள், கழற்றிப் போட்டபின் எது எது என்று குழம்பாது. ஒரே கம்பெனி, ஒரே அளவு என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி அதே அளவு கொஞ்சம் மாறும், பாதி தேய்ந்ததும் புதியதும் ஒன்றாகாது.

ஆறும் வயதாகிவிட்டதா? ஆறையும் மாற்றுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. முன் இரண்டு மட்டும் போய்விட்டதா? முன்னால் இரண்டு புதியது போடலாம். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன்பின் சுற்றளவு நெருங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபோர் வீலில் போடும்போது, முன்பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும்.

சிக்கல் வருவது பின்னால் ஒன்று மட்டும் வெடித்தாலோ கிழிந்தாலோதான். ஒன்றே ஒன்று புதியது வாங்கி மாட்டிவிட்டுப் போவது பழக்கத்தில் இருக்கும் தவறு. மற்றவை பாதி தேய்ந்திருந்தால் அந்தப் புதியது பக்கத்து டயரின் எடையையும் சேர்த்துச் சுமக்கும். அந்தப் பக்கம் மட்டும் இரண்டு புதியது போட்டால் ஜோடி சரியாகும், ஆனால் இடது வலது சுற்றளவு மாறி, இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டில்கூட ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டிக்கு இது இன்னும் கெடுதல்.

அப்படி நேர்ந்தால் இரண்டு புதிய டயர் வாங்கி முன்னால் போடுங்கள், முன்னால் ஓடிக்கொண்டிருந்த இரண்டையும் அளந்து, பின்னால் மிச்சம் இருப்பவற்றோடு நெருங்கிய ஒன்றை அந்தக் காலி இடத்துக்குக் கொண்டுபோங்கள். ரிம்மிலிருந்து கழற்றி மாட்டும் கூலி சேரும், ஆனாலும் நான்கு வாங்குவதைவிடக் குறைவு. எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் பின்னால் நான்கையும் மாற்றுவதுதான் வழி. அளவுக்குள் இருக்கும் சின்ன வித்தியாசத்தோடு ஜோடி போட நேர்ந்தால் சிறியதை உள்ளே போடுங்கள். ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் உள் டயருக்குத்தான் சுமை கூடுதலாக வரும்.

6. அளவு: கதவில் இருப்பதை விட்டு நகராதீர்கள்

ராம் 3500க்கும் 2011க்குப் பிந்தைய சில்வராடோ 3500ஹெச்டிக்கும் எல்டி235/80ஆர்17 வரும் (எல்டி என்றால் லைட் டிரக், 235 மில்லிமீட்டரில் அகலம், 80 பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 17 அங்குலத்தில் ரிம்). எஃப்-350 ஜோடிச் சக்கர வண்டிக்குப் பல வருடமாக எல்டி245/75ஆர்17. விட்டத்தில் முதலாவது ஏறக்குறைய 31.8 அங்குலம், இரண்டாவது 31.5. இவ்வளவு நெருக்கமாக இருப்பதைப் பார்த்து, "கடையில் 245 தள்ளுபடியில் இருக்கிறது, ராமுக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. ராமின் ஜோடிச் சக்கர ரிம் 6 அங்குல அகலம். 245/75 டயருக்குக் குறைந்தபட்சம் 6.5 அங்குல ரிம் வேண்டும். உட்காரும், காற்றும் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டு உப்பி நிற்கும், டயர் கம்பெனி அதை ஏற்காது.

உப்புவதால் வரும் அடுத்த பிரச்சினை ஜோடிக்கு இடையே உள்ள இடைவெளி. அகலமான டயர் போட்டால் இரண்டு பக்கவாட்டும் ஒன்றையொன்று தொடும், தேய்த்துத் தேய்த்து உள் இழைவரை போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. டயரின் மேல் பகுதியில் விரலை விட்டுப் பார்த்து "இடம் இருக்கிறது" என்று திருப்திப்படுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எடை ஏறும்போது டயர் உப்புவது தரையைத் தொடும் அடிப்பக்கத்தில், மேலே அல்ல.

ஒவ்வொரு டயருக்கும் கம்பெனியின் விவரப் பட்டியலில் குறைந்தபட்ச ஜோடி இடைவெளி என்று ஓர் எண் இருக்கும். ஒரு டயரின் நடுவிலிருந்து அடுத்த டயரின் நடுவரை அந்த அளவாவது உங்கள் ரிம்களில் கிடைக்க வேண்டும். ஒரே மாதிரி ரிம்கள் என்றால் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம்) இரண்டால் பெருக்கினால் உங்கள் வண்டியின் இடைவெளி வந்துவிடும். பனிப் பிரதேசத்தில் சங்கிலி கட்டுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் தேவை.

7. பக்கவாட்டில் உள்ள எடை எண்களைப் படிக்கும் முறை

120/117ஆர் என்பது போல ஒரு வரி இருக்கும். முதல் எண் தனியாக மாட்டினால், இரண்டாவது ஜோடியாக மாட்டினால். இவை பவுண்டு அல்ல, எடைக்கான குறியீடு. எல்டி235/80ஆர்17 டயர் சுமை ரகம் ஈயில் (டயரின் வலுவைக் காட்டும் எழுத்து) தனியாக 3,085 பவுண்டு, ஜோடியாக 2,835 பவுண்டு, இரண்டும் 80 பிஎஸ்ஐயில். ஜோடிக்கு எண் குறைவதற்குக் காரணம் உண்டு. இரண்டு டயரும் எப்போதும் சரிபாதியாகச் சுமப்பதில்லை, நடுவில் சூடு வெளியேற வழியும் குறைவு.

கணக்கைப் போடுங்கள். பின்னால் நான்கு டயர், 2,835 வீதம் 11,340 பவுண்டு. கதவில் பின் அச்சுக்கு 9,750 என்று இருந்தால் நல்ல இடைவெளி. முன்னால் பாருங்கள்: இரண்டு டயர், 3,085 வீதம் 6,170. முன் அச்சுக்கு 6,000 என்று இருந்தால் மிச்சம் வெறும் 170 பவுண்டு. எல்லோரும் பின்னால்தான் கவலைப்படுகிறார்கள், இந்த வண்டியில் இறுக்கமான இடம் முன்பக்கம். முன்னால் 80 பிஎஸ்ஐ போடச் சொல்வது இதனால்தான், முன்னால் காற்றைக் குறைத்து "மெத்தென்று ஓடட்டும்" என்று நினைக்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

இன்னொரு கணக்கு. பின் அச்சில் 9,000 பவுண்டு ஏற்றியிருக்கிறீர்கள், பக்கத்துக்கு 4,500. ஜோடியில் ஒன்று காற்றிறங்கினால் மற்றது ஒன்றே 4,500 பவுண்டைச் சுமக்கிறது. அதன் தனி வரம்பு 3,085. "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது" என்று ஐம்பது மைல் ஓட்டுகிறவர் இரண்டாவதையும் வெடிக்க விடுகிறார். மெதுவாக ஓரம் கட்டுவதற்குத்தான் அந்த இரண்டாவது டயர் உதவும், பயணத்தை முடிப்பதற்கு அல்ல.

அளவின் முன்னால் எல்டி என்ற எழுத்துகள் இருக்க வேண்டும், சுமை ரகம் ஈ அல்லது அதற்கு மேல். எஸ்டி என்று தொடங்குவது டிரெய்லருக்கானது, வண்டியில் மாட்டவே கூடாது.

8. பட்டன் ரகமும் கம்பெனியும்

பெரும்பாலும் தார் ரோடு, நெடுஞ்சாலை என்றால் ஹைவே ரகம். பட்டன் நெருக்கமாக, நீளக் கோடுகளாக இருக்கும், சத்தம் குறைவு, சீராகத் தேயும். பண்ணைக்குள், ஈரப் புல்லில், மண் பாதையில் டிரெய்லரோடு திரும்ப வேண்டியிருந்தால் ஆல் டெரைன். காலி டூவலி ஈரப் புல்லில் ஆச்சரியப்படும் அளவுக்கு வழுக்கும், ஏனென்றால் கொஞ்சம் எடையை நான்கு டயர் பங்குபோட்டுத் தரையை அழுத்தாமல் மேலோட்டமாக ஓடுகின்றன. சேற்றுக்கான மட் டெரைன் இந்த வண்டிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் கோணலாகத் தேயும், சத்தமும் தாங்காது.

பனி விழும் ஊரில் இருந்தால் எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) என்ற எழுத்தோடு நிறுத்திவிடாமல், மூன்று சிகர மலைக்குள் பனிப்படிகம் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பனியில் சோதித்துத் தேறினால்தான் அது கிடைக்கும்.

முன்னால் ஒரு ரகம், பின்னால் ஒரு ரகம் போடலாமா? போடலாம், ஆனால் அப்புறம் முன்பின் மாற்றிப் போட முடியாது, ஐந்தாம் பகுதியில் சொன்ன உத்தியும் கைவிட்டுப் போகும். ஆறும் ஒன்றாக இருப்பதே லாபம். ஒரு திசையில் மட்டும் சுற்ற வேண்டிய அம்புக்குறி டயர்களையும் தவிர்த்துவிடுங்கள், டூவலியில் அவற்றை இடம் மாற்றுவது தலைவலி.

கார் டயரில் இருக்கும் தேய்மான எண் எல்டி டயரில் இருக்காது, அதனால் மைலேஜ் வாரண்டியைத்தான் ஒப்பிட முடியும். மிஷ்லின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ், ஃபயர்ஸ்டோன் டிரான்ஸ்ஃபோர்ஸ் போன்றவை இந்த அளவுகளில் கிடைக்கும் பழகிய பெயர்கள். உங்கள் அளவில், சுமை ரகம் ஈயில், பெரிய நெடுஞ்சாலை ஊர்களில் அதே நாளில் கையிருப்பில் கிடைக்கும் டயரா என்று கேளுங்கள். பயணத்தின் நடுவில் ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது, விலையில் இருபது டாலர் மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய விஷயம்.

9. 19.5 அங்குல ரிம்முக்கு மாறலாமா?

எஃப்-450 பிக்கப்பில் 225/70ஆர்19.5 என்ற லாரி ரக டயர் வரும். ஜி ரகத்தில் ஜோடியாகவே 3,750 பவுண்டு தாங்கும். அதைப் பார்த்து 17 அங்குல வண்டிக்கும் ரிம் மாற்றுகிறார்கள். எடை மேடை எண் உங்கள் 17 அங்குல டயரின் வரம்புக்குள் இருந்தால் இதற்குச் செலவழிக்காதீர்கள். காலியாக ஓடும்போது கட்டையில் உட்கார்ந்ததுபோல இருக்கும், பல சாதாரண டயர் கடைகளில் இதைக் கழற்றி மாட்ட இயந்திரமும் இருக்காது. டயர் வலுவாகிவிட்டதால் அச்சின் வரம்பு கூடாது, கதவு ஸ்டிக்கர் அப்படியேதான் இருக்கும்.

10. மாட்டுவதற்கு முன் தேதி பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் டாட் (டி-ஓ-டி) என்று தொடங்கும் எண்வரிசையின் கடைசி நான்கு இலக்கம், வாரமும் வருடமும். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம். ஆறு டயரையும் கடையில் தரையில் வைத்திருக்கும்போதே பாருங்கள், முழு எண் ஒரு பக்கம்தான் இருக்கும். ஜோடியின் நடுவில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் டார்ச்சும் கண்ணாடியும் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் கிடங்கில் கிடந்ததைக் கொடுத்தால் வேறு கேளுங்கள், கேட்டால் மாற்றித் தருவார்கள்.

11. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

வால்வு முதலில். காருக்குப் போடும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கானது, 80 அடிக்கும் முன் டயருக்கு அது பொருந்தாது. உலோக வால்வு, இல்லையென்றால் உயர் அழுத்த வால்வு கேளுங்கள். உள் டயருக்கு நீண்ட உலோகத் தண்டு வால்வு போடுவது, கடைசியில் திருகி மாட்டும் வளையும் நீட்டிப்புக் குழாயைவிட நல்லது. அந்தக் குழாய் இணையும் இடத்தில்தான் காற்று கசியும்.

ஜோடியை மாட்டும்போது உள் வால்வும் வெளி வால்வும் எதிரெதிராக இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டையும் தனித்தனி ஓட்டை வழியாக எட்ட முடியும். இதைச் சொல்லாவிட்டால் அவசரத்தில் வாட்டத்துக்கு மாட்டிவிடுவார்கள், நீங்கள் மாதாமாதம் கையைச் சிராய்த்துக்கொள்வீர்கள்.

ஹப்பும் இரண்டு ரிம்மும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் முகங்களைக் கம்பித் தூரிகையால் துடைக்கச் சொல்லுங்கள். துருச் செதில் நடுவில் மாட்டினால் நட் இறுகியதுபோலக் காட்டும், ஓட ஓடச் செதில் நொறுங்கி நட் தளரும். ஜோடிச் சக்கரத்தில் இந்த முகங்கள் அதிகம், அதனால் தளர்வும் அதிகம்.

நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிடக் கூடாது, குறித்த அளவு விசைக்கு முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடுக்க வேண்டும். ஃபோர்டு சூப்பர் டியூட்டிக்கு 165 அடி-பவுண்டு, செவர்லே போன்ற ஜிஎம் வண்டிகளுக்கு 140. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். ஃபோர்டில் வாஷரோடு சேர்ந்த இரண்டு துண்டு நட்டில், வாஷருக்கும் நட்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார்கள், மரையில் அல்ல.

12. வீட்டுக்கு வந்தபின்

50 முதல் 100 மைல் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். தவறாமல் ஏதாவது ஒன்று கொஞ்சம் திரும்பும். டிரெய்லர் மாட்டி நீண்ட பயணம் போவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும், அதனால் டயர் மாற்றுவதைப் பயணத்துக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காற்று எச்சரிக்கை விளக்கை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் அந்தக் கருவியைக் கட்டாயமாக்கிய விதி, அச்சில் ஜோடிச் சக்கரம் உள்ள வண்டிகளுக்கும் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்கு மேலானவற்றுக்கும் பொருந்தாது. பல டூவலிகளில் அது இல்லவே இல்லை. ஆறு வால்விலும் திருகி மாட்டும் வெளிச் சென்சார் வாங்கினால் உள் டயர் காற்றிறங்குவது ஓட்டும்போதே தெரியும். இல்லையென்றால் உள் டயரின் பிரச்சினை புகை வந்தபின்தான் தெரியும், வெளி டயர் வண்டியைத் தாங்கிப் பிடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். காலால் உதைத்தோ கட்டையால் தட்டியோ பார்ப்பது காற்று அளப்பது ஆகாது.

காலியாகவே அதிகம் ஓடுகிறவர்கள் பின்னால் காற்றைக் குறைக்க நினைத்தால், மூன்றாம் பகுதியில் எடுத்து வைத்த காலி எடையையும் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் ஜோடிக்கான வரிசையையும் வைத்துத்தான் குறைக்க வேண்டும். தனி டயருக்கான வரிசையைப் பார்த்தால் தப்பு. டிரெய்லர் மாட்டும்போது கதவு எண்ணுக்குத் திரும்பிவிடுங்கள்.

டயர்களை இடம் மாற்றுவதற்கு முன் ரிம்களைப் பாருங்கள். அலுமினிய ரிம் வண்டியில் பொதுவாக வெளியே தெரியும் நான்கு மட்டும் அலுமினியம், உள் இரண்டும் இரும்பு. அப்படி இருந்தால் உள் டயரை வெளியே கொண்டுவர ரிம்மிலிருந்து கழற்றித்தான் ஆக வேண்டும், அந்தக் கூலியை முன்பே பேசிவிடுங்கள். ஆறும் இரும்பு ரிம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. இடம் மாற்றியபின் முன் பின் காற்றை மறுபடி சரிசெய்ய மறக்காதீர்கள், பின்னால் 65ல் ஓடியது முன்னால் 65லேயே நின்றுவிடும்.

இந்த வண்டியைச் சரக்குத் தொழிலுக்கு மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுகிறவர்களுக்கு, முன் டயரில் பட்டன் குறைந்தது 32இல் 4 பாகம், மற்றவற்றில் 2 பாகம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. சொந்த உபயோகமாக இருந்தாலும் முன் டயருக்கு அந்த 4 பாகத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. வண்டியின் அடியில் தொங்கும் அதன் தேதியையும் பாருங்கள். பழைய வண்டியில் அது வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும். ஜோடியில் மாட்ட நேர்ந்தால் சுற்றளவு ஒத்துவர வேண்டும் என்பதால், கழற்றும் ஆறில் வயது குறைந்து ஆழம் நன்றாக உள்ள ஒன்று இருந்தால் அதை ஸ்டெப்னியாக்கச் சொல்லுங்கள். அப்படி ஒன்றும் தேறவில்லை என்றால் ஏழாவது டயரையும் அதே பில்லில் போடுங்கள். இறக்கும் கம்பி துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறதா என்று கடையிலேயே ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.